முதல் மெடிசின் அப்பொயின்ட்மென்ட்: வாட்டில் எதை, எப்படிப் படிப்பது?

உப்புவெளி_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மூன்றாம் வருடம். பீடம் மட்டக்களப்பில், வீடு உப்புவெளியில். அடுத்த மாதம் முதலாவது மெடிசின் அப்பொயின்ட்மென்ட், அதாவது மருத்துவ வாட்டில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கிற காலம், தொடங்குது. பிறகு இன்டர்ன்ஷிப்புக்குத் திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு வரவேணும் என்பது ஆசை. அதனால் எங்கட மாவட்டத்து நோயாளிகளை மனதில் வைத்தே படிக்க விரும்புறன்.

நோயாளியிட்டப் போக முதல் பி.எச்.ரி.யை (வாட்டில் நோயாளிக்கு வைத்திருக்கிற குறிப்பேடு) வாசிக்கலாமா, கூடாதா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம். ஹிஸ்ட்ரி (நோயாளி சொல்லுற வருத்தக் கதை) முழுக்க எழுதிக்கொண்டு போனாலும் கேஸ் சொல்லேக்க நடுவில நிறுத்தி "அதை ஏன் கேட்டாய்?" என்று கேட்பினமாம். அப்ப நாங்கள் எதைத் தவறவிடுறம்? பரிசோதனையில் புதுப் பிள்ளைகள் வழக்கமா விடுகிற பிழைகள் எவை? சிங்களம் எனக்கு அரைகுறை. கந்தளாய், சேருநுவரப் பக்கத்து ஆக்களிட்ட எப்படி ஹிஸ்ட்ரி எடுக்கிறது என்றதும் ஒரு பயம்தான்.

கோட்டையடி_ரெஜிஸ்ட்ரார்:

தங்கச்சி, பி.எச்.ரி.யை முதலில் வாசிக்க வேண்டாம். அதில் "ஹார்ட் ஃபெயிலியர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனால் உங்கள் கேள்வி எல்லாம் அதைச் சுற்றியே ஓடும். நோயாளி சொல்ல வந்த வேறொன்று காதில் விழாது. முதலில் நீங்களே கேட்டு, நீங்களே பரிசோதித்து, ஒரு முடிவை எழுதுங்கள். பிறகு பி.எச்.ரி.யைத் திறந்து, எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று பாருங்கள். படிப்பு நடக்கும் இடம் அந்த விலகல்தான்.

ஹிஸ்ட்ரியில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது: "களைப்பு" என்ற சொல். "களைக்குது டொக்டர்" என்றால் மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம், உடம்பு சோர்வதாகவும் இருக்கலாம், தலை கிறுகிறுத்து விழப்பார்ப்பதாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் இதயம், நுரையீரல். இரண்டாவது என்றால் இரத்தச்சோகை, தைரொயிட், சிறுநீரகம். மூன்றாவது என்றால் படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கவேண்டிய ஆள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் "டிஸ்னியா" (மூச்சுத்திணறல்) என்று மொழிபெயர்த்து எழுதினால் முழு ஹிஸ்ட்ரியும் பிழையான பாதையில் போய்விடும். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். பிறகு அதைப் பிரியுங்கள். "ஒரு வசனத்தை ஒரே மூச்சில சொல்லி முடிக்க ஏலுமா? படுத்தாக் கூடுதா? எத்தனை தலையணை வைக்கிறீங்கள், முந்தி எத்தனை? இரவு மூச்சு முட்டி எழும்பி யன்னலடிக்குப் போய் இருக்கவேண்டி வருதா?"

எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை மீற்றரில் கேட்டால் யாருக்கும் விடை தெரியாது. அவருடைய நாளுக்குள் போய்க் கேளுங்கள். கோணேசர் கோயில் ஏற்றத்தில் போன திருவிழாவுக்கு எத்தனை தரம் நின்றவர், இப்போது எத்தனை தரம்? கிண்ணியா வாப்பாவிடம் பள்ளிக்கு நடந்து போவதைக் கேளுங்கள். மீன்பிடிக்கிறவரிடம் வலை இழுப்பதை, வயல்காரரிடம் மம்பட்டி பிடிப்பதை. முந்தியும் இப்போதும் என்று இரண்டு புள்ளி கிடைத்தால்தான் வருத்தம் எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும்.

இனி அந்த "ஏன் கேட்டாய்?". ஒரு கேள்வியைக் கேட்கும்போதே மனதில் ஒரு வருத்தம் இருக்கவேண்டும். "கால் வீக்கம் இல்லை" என்பது வெறும் இல்லை அல்ல, ஹார்ட் ஃபெயிலியருக்கு எதிரான ஒரு சாட்சி. எழுபது கேள்வியின் விடையை வரிசையாக ஒப்புவித்தால் கேட்பவருக்கு நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியாது. அதனால்தான் நிறுத்துகிறார்கள். தொடக்க வசனத்திலேயே ஆளையும் சிக்கலையும் காட்டுங்கள்: "58 வயது, மூதூர், மீன்பிடித் தொழில், 12 வருடமாகச் சீனி வருத்தம், மூன்று கிழமையாகக் கூடிக்கொண்டு வரும் மூச்சுத்திணறலோடு வந்திருக்கிறார், இப்போது இரண்டு தலையணையில் படுக்கிறார்." இவ்வளவையும் இருபது செக்கனில் சொல்லலாம். பிறகு காலவரிசை. பிறகு உங்கள் சந்தேகத்துக்கு உதவுகிற "ஆம்"களும் "இல்லை"களும். கடைசியில் நிகழக்கூடிய மூன்று காரணம், தவறவிட்டால் ஆளையே இழக்கக்கூடிய ஒரு காரணம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

மருந்து ஹிஸ்ட்ரிக்கு கிளினிக் கொப்பி மட்டும் போதாது. குளிசைப் பையைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டிப் பாருங்கள். கொப்பியில் எழுதியிருப்பது வேறு, அவர் போடுவது வேறாக இருக்கும். பார்மசியில் தானாக வாங்கிய நோக் குளிசையைத் தனியாகக் கேளுங்கள். டைக்ளோபெனக் போன்றவற்றைச் சிறுநீரகம் பழுதானவரும் "மருந்து" என்ற கணக்கில் சொல்லமாட்டார். கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிற மாவட்டம் இது. நாட்டு மருந்து, சித்த மருந்து எடுக்கிறவர்கள் நிறைய. பேசுகிற குரலில் கண்டிப்பு வந்தால் மறைத்துவிடுவார்கள். "வேற என்ன மருந்து உதவினது?" என்று கேட்டால் சொல்லுவார்கள்.

நிலாவெளி_ஸ்டெத்:

மேலே சொன்னதோடு உடன்பாடு, ஒரு திருத்தத்தோடு. நோய்நிர்ணயத்தை வாசிக்காமல் போவது சரி. ஆனால் ஒவ்வாமை எழுதியிருக்கும் இடத்தையும் கட்டிலில் தொங்கும் ஒப்சர்வேஷன் சார்ட்டையும் பார்க்காமல் நோயாளியைத் தொடக்கூடாது. நாடி 130, பிரஷர் 90 இல் இருக்கிற ஒருவரை முக்கால் மணித்தியாலம் இருத்தி வைத்து ஹிஸ்ட்ரி எடுப்பது படிப்பல்ல. தொற்றுக்காகத் தள்ளி வைத்திருக்கிறார்களா என்பதும் அப்போதே தெரியவரும்.

பரிசோதனைக்கு வருவோம். மூச்சு எண்ணிக்கையை முழு 60 செக்கனும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பதும், பார்க்காமலே 18 என்று எழுதுவதும் எல்லா வாட்டிலும் இருக்கிற கெட்ட பழக்கம். ஆள் மோசமாகப் போவதை மூச்சுத்தான் பெரும்பாலும் முதலில் காட்டும். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள்.

பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் கஃப்பின் காற்றுப்பை கைச்சுற்றளவில் 80 வீதத்தைச் சுற்றவேண்டும், அகலம் 40 வீதம். பெரிய கைக்குச் சின்னக் கஃப் போட்டால் பிரஷர் கூடக் காட்டும், வீணாக மருந்து ஏறும். முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டு ஊதி, நாடி மறையும் இடத்தைப் பிடியுங்கள். அதற்கு 30 மேலே ஏற்றி, செக்கனுக்கு 2 மில்லிமீற்றர் வேகத்தில் இறக்குங்கள். தொட்டுப் பார்க்காமல் நேரே ஸ்டெத்தை வைத்தால் சிலரில் சத்தம் நடுவில் மறைந்து மீண்டும் வருவதைத் தெரியாமல், 180 ஐ 140 என்று எழுத நேரும். நின்று பார்ப்பதென்றால் 5 நிமிடம் படுக்கவைத்துப் பிறகு எழுப்பி, 1 ஆம் நிமிடத்திலும் 3 ஆம் நிமிடத்திலும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது கணக்கு.

மண்ணீரலை இடது விலா ஓரத்தில் தேடத் தொடங்குவது அடுத்த பிழை. பெரிதாகியிருந்தால் உங்கள் கை ஏற்கெனவே அதன் மேலேதான் இருக்கும், விளிம்பு அகப்படாது. வலது அடிவயிற்றில் தொடங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரலகலம் இடது விலாவை நோக்கி நகருங்கள். கை நிற்கவேண்டும், மூச்சு உள்ளே போகும்போது மண்ணீரல் வந்து விரலில் முட்டவேண்டும். அகப்படாவிட்டால் வலப்பக்கம் சரித்துப் பாருங்கள். வயிற்றில் நீர் பார்க்க ஆளைத் திருப்பினால் அரை நிமிடமாவது பொறுத்துத் தட்டுங்கள், நீர் இறங்க நேரம் வேண்டும்.

ஈ.சி.ஜி. எடுக்கப் பழகுவதை நேர்சிங் ஒபிசரின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சில் ஒட்டும் ஆறு லீட்களில் வி1, வி2 இரண்டும் நாலாவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் வலமும் இடமும். அதைக் கண்ணால் மதிப்பிட்டு இரண்டாவது இடைவெளியில் ஒட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அப்படி ஒட்டினால் ஆர் அலை (ஈ.சி.ஜி.யில் மேலே எழும் கூர்) வளராமல், பழைய ஹார்ட் அற்றாக் மாதிரித் தெரியும். கழுத்துக் குழியிலிருந்து விரலை இறக்கி, எலும்பில் முட்டும் மேட்டைப் பிடியுங்கள். அதற்கு நேர் பக்கத்தில் இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணுங்கள். வி4 ஐந்தாவது இடைவெளியில் காறையெலும்பு நடுக்கோட்டில். வி5, வி6 அதே மட்டத்தில் பக்கவாட்டில் போகும், விலாவோடு மேலே ஏறாது. ஈ.சி.ஜி. தாளில் லீட் 1 பதிவு முழுக்கத் தலைகீழாகவும் ஏ.வி.ஆர். பதிவு நிமிர்ந்தும் வந்தால், நோயாளியைப் பற்றி யோசிக்க முதல் இரண்டு கை வயரும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாட்டு_மிஸ்:

டொக்டர்மார் சொல்லாத சிலதை நான் எழுதுறன் பிள்ளை. ஒரு கட்டிலில இருந்து மற்றக் கட்டிலுக்குப் போக முதல் கை கழுவுங்கோ, ஸ்டெத்தையும் துடையுங்கோ. காலமை மருந்து குடுக்கிற நேரத்திலயும் சாப்பாட்டு நேரத்திலயும் ஹிஸ்ட்ரி எடுக்க வராதேங்கோ. காஷுவல்டி நாளண்டு (எங்கட வாட்டுக்குப் புது நோயாளிகளை எடுக்கிற நாள்) பின்னேரம் வந்து நில்லுங்கோ. புதுசா வாற ஆளை முதல் நிமிசத்தில இருந்து பாக்கலாம், அடுத்த நாள் ரவுண்டில பாக்கிறது பாதி ஆறின கதை.

திரையை இழுத்து மூடுங்கோ. பெண் நோயாளியைப் பரிசோதிக்கேக்க ஒரு பெண் பக்கத்தில நிக்கவேணும். மூதூர், கிண்ணியா உம்மாமாரிட்ட முதலில கேட்டிட்டு, பாக்கிற இடத்தை மட்டும் திறந்து, உடன மூடுங்கோ. நோன்பு மாதத்தில சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடுற நேரத்தைக் கட்டாயம் கேளுங்கோ. நோன்பு பிடிச்சுக்கொண்டு காலமைக் குளிசையை வழமையான அளவில சஹருக்குப் போட்டா பின்னேரம் சீனி விழும்.

சிங்களத்துக்குப் பயப்பட வேண்டாம். "உண" என்றால் காய்ச்சல், "கெஸ்ஸ" இருமல், "ஹதிய" மூச்சு வாங்கிறது, "பபுவே அமாருவ" நெஞ்சு வருத்தம், "தியவெடியாவ" சீனி வருத்தம். இதோட "கவதா இந்தலாத?", எண்டா எப்ப இருந்து, எண்டு கேக்கப் பழகினா பாதிக் கதை வந்திடும். மிச்சத்துக்கு எங்களைக் கூப்பிடுங்கோ. பக்கத்துக் கட்டில் ஆளை மொழிபெயர்க்கச் சொல்லாதேங்கோ, அந்தரங்கம் வெளிய போயிடும். கூட வந்த சின்னப் பிள்ளையையும் வேண்டாம்.

உப்புவெளி_மாணவி:

எல்லாருக்கும் மெத்த நன்றி, பிரிண்ட் எடுத்து வைக்கப்போறன். ஒன்று கேட்க மறந்திட்டன். டெங்கு சார்ட்டை யாராவது ஒருக்கா விளங்கப்படுத்துவீங்களோ? 4600 என்ற எண் எங்கே இருந்து வருது என்று எங்கட குரூப்பில ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது.

கிண்ணியா_எச்ஓ:

கேட்டது நல்லது. 2017 தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் மெடிசின் படிக்கிற யாரும் இதை மேலோட்டமாக விடக்கூடாது.

4600 என்பது 50 கிலோ ஆளுக்கு, பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) இரத்தக் குழாயிலிருந்து வெளியே கசியும் அந்த 48 மணித்தியாலம் முழுவதுக்குமான திரவ எல்லை. ஒரு நாளைய பராமரிப்பு அளவு முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 க்கு 50, மிச்சத்துக்கு 20. ஆக 1000, 500, 600, கூட்டினால் 2100. அதோடு உடல் நிறையின் 5 வீதம், அதாவது கிலோவுக்கு 50 மில்லிலீற்றர், 2500. மொத்தம் 4600. வளர்ந்தவர் 80 கிலோ இருந்தாலும் கணக்கு 50 கிலோவோடு நிற்கும். சராசரி மணிக்கு 96 அளவில் வரும், ஆனால் ஒரே வேகத்தில் ஓடவிடுவதில்லை. கசிவு மெதுவாகத் தொடங்கி, நடுவில் உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். திரவமும் அந்த வளைவோடுதான் ஏறி இறங்கவேண்டும்.

பிழை நடக்கும் இடங்கள் இவை. வாயால் குடிப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது: ஜீவனி, செவ்விளநீர், கஞ்சி, ஊசியால் ஏற்றியது, இடையில் கொடுத்த போலஸ் (வேகமாக ஏற்றிய திரவம்) எல்லாம் அதே 4600 க்குள். பக்கத்தில் இருக்கிற அம்மா அன்பில் ஊற்றிக் கொடுக்கிற தண்ணீரும் எழுதப்படவேண்டும். ஒரு கப் எத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து காட்டிவிட்டு வாருங்கள். கூடிப்போன திரவம் பிறகு நுரையீரலைச் சுற்றி நின்று மூச்சை அடைக்கும். டெங்குவில் ஆளைக் கொல்வது திரவக் குறைவு மட்டும் அல்ல.

அடுத்தது நாள் கணக்கு. "மூண்டு நாள் காய்ச்சல்" என்றால் பிடிக்காதீர்கள். எந்தக் கிழமை, விடியவா, பொழுதுபட்டா, அன்றைக்கு வேலைக்குப் போனவரா என்று கேட்டு மணித்தியாலத்துக்கு இறக்குங்கள். கசிவு வழமையாக 3 ஆம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் விடும் நேரத்தை ஒட்டி வருகிறது. காய்ச்சல் விட்டது, சுகம் வந்தது என்று வீட்டுக்குப் போகக் கேட்பதும் அதே நேரத்தில்தான். பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குவது கசிவு கதவு தட்டும் சத்தம். எச்.சி.ரி. (இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் வீதம்) 36 இலிருந்து 44 க்குப் போனால் 20 வீதத்துக்கு மேல், கசிவு நடக்கிறது.

பிரஷரில் மேல் எண்ணை மட்டும் பார்க்கிற கண் இதில் ஏமாறும். 110/70 இருந்தவர் 100/80 ஆனால் பலர் "பிரஷர் நல்லம்" என்பார்கள். இடைவெளி 40 இலிருந்து 20 க்கு ஒடுங்கிவிட்டது. அது அதிர்ச்சி நிலை. கை கால் குளிர்ந்திருக்கிறதா, விரல் நகத்தை அமத்தி விட்டால் 2 செக்கனுக்குள் சிவக்கிறதா என்று உடனே பாருங்கள். சலம் மணிக்கு கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிலீற்றர், 50 கிலோவுக்கு நாலு மணித்தியாலத்தில் 100 முதல் 200. அதைவிடக் கூடப் போனால் சந்தோசப்படாமல் திரவத்தைக் குறையுங்கள். ஆள் மோசமாகிறார், நாடி ஏறுகிறது, ஆனால் எச்.சி.ரி. இறங்குகிறது என்றால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது என்று நினைக்கவேண்டும். சேலைனை ஏற்றிக்கொண்டு நிற்காமல் இரத்தம் கேளுங்கள்.

கந்தளாய்_வீதி:

டெங்கு மட்டுமே காய்ச்சல் என்று நினைத்துவிடக்கூடாது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல்காரர் ஒருவர் காய்ச்சலோடு வந்தால், போன மூன்று கிழமைக்குள் சேற்றில் இறங்கினாரா, காலில் காயம் இருந்ததா என்று கேளுங்கள். கண் சிவந்து பீளை இல்லாமல் இருந்தால், கெண்டைக்காலை அமத்தினால் துடித்தால், எலிக்காய்ச்சல். சலம் குறைவதையும் கண் மஞ்சளாவதையும் காத்திருந்து பார்க்காமல் அன்டிபயோட்டிக் தொடங்குவார்கள். சீனி வருத்தக்காரர், வயல் வேலை, வழமையான மருந்துக்கு மசியாத காய்ச்சல் என்றால் மெலியோய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் தொற்று) நினைவில் வரவேண்டும். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி தேடுங்கள். அதற்காகத்தான் அன்டிபயோட்டிக் போட முதல் பிளட் கல்ச்சர் எடு என்று சலிக்காமல் சொல்லுவார்கள்.

பாம்புக்கடியில் மாணவரே செய்யக்கூடிய ஒரு சோதனை 20 நிமிட உறைதல் சோதனை. புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம். 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தரம் சரிக்கவேண்டும். ஓடினால் உறையவில்லை. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். சவர்க்காரத்தால் கழுவிய குழாயும் வேண்டாம். கண்ணாடிச் சுவர்தான் உறைதலைத் தூண்டுகிறது, அது இல்லாவிட்டால் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று, தேவையில்லாமல் விஷமுறிப்பு ஏற்றவைக்கும். பாதியில் எடுத்து ஆட்டிப் பார்ப்பதும் அதே மாதிரிக் கெடுக்கும். முதல் தரம் உறைந்தாலும் அதோடு விடக்கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். குணகட்டுவா (ஹம்ப்-நோஸ்ட் வைப்பர்) என்ற பாம்பின் கடிக்கு இந்திய விஷமுறிப்பு வேலை செய்யாது, ஆகவே செத்த பாம்பைக் கொண்டுவந்திருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடிய வயிற்று நோவோடும் இமை தொங்கியும் வந்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன்தான் முதல் சந்தேகம்.

உப்புவெளி_மாணவி:

இவ்வளவையும் எதிர்பார்க்கேல்லை, நன்றி. கடைசியா ஒன்று: மேர்மர் (இதயத்தில கேட்கிற மேலதிக இரைச்சல்) எனக்குக் கேட்குமோ என்று பயமா இருக்கு.

நிலாவெளி_ஸ்டெத்:

முதல் இரண்டு கிழமை மேர்மரைத் தேடவேண்டாம். ஒவ்வொரு நோயாளியிலும் கழுத்து நாடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, இதயத்தின் எது முதலாவது ஒலி, எது இரண்டாவது என்று மட்டும் பிரியுங்கள். நாடியோடு சேர்ந்து வருவது முதலாவது. மணிக்கட்டு நாடி பிந்தி வரும், அதை வைத்துப் பிரிக்காதீர்கள். அது கைவந்த பிறகு, மைட்ரல் வால்வு ஒடுங்கியதைக் கேட்க இடப்பக்கம் சரித்து, பெல்லை (ஸ்டெத்தின் கிண்ணம் போன்ற பக்கம்) மெதுவாக வையுங்கள். அமத்தினால் தோல் இறுகி அந்தத் தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். ஏயோர்ட்டிக் கசிவுக்கு முன்னால் குனிந்து இருக்கவைத்து, மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்லி, டயஃப்ரமை (ஸ்டெத்தின் தட்டையான பக்கம்) அழுத்தி, இடது மார்பெலும்பு ஓரத்தில். காதில் போடும் குழாயின் முனை முன்னால், உங்கள் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்று நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு பட்ச்சிலும் இருக்கிறார்கள்.